இறுக்கிப் பிடித்தால் அழாத பிள்ளை

இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பெயிண்ட் பிரஷ். போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக்கடையில் வாங்கினேன். "கதவுக்கா டீச்சரு, சன்னலுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். சன்னலுக்கு என்று பொய் சொன்னேன். ஐந்து வயதுப் பெண் குழந்தையின் கையிலும் காலிலும் தடவுவதற்கு என்று உண்மையைச் சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவியிருக்கும். இருப்பதிலேயே மயிர் மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷாகப் பத்துப் பன்னிரண்டைக் கன்னத்தில் உரசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மெத்தென்று இருந்தால் பிள்ளைக்கு இதமாக இருக்கும் என்று நினைப்பு. படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி நேர்த்தி உண்டு.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். அந்தப் பெயரைப் போடியில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஊசி போடாததால் டாக்டர் இல்லை, மாத்திரை கொடுக்காததால் நர்சும் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பந்து உருட்டுகிறவள் என்பதால் டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுத்த அறையில், போலியோ வந்த பிள்ளைகளுக்குக் காலில் கம்பிச் சட்டம் மாட்டி நடக்கப் பழக்குவது என் வேலை. படிப்பின் கடைசி வருடத்தில், வெளிநாடு போய்வந்த ஆசிரியை ஒருவர் ஒரே ஒரு மதியம் ஒரு புதுப் பாடம் நடத்தியிருந்தார். சில குழந்தைகளுக்குக் கண்ணும் காதும் தோலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவை கொண்டுவருகிற சேதிகளை மூளை ஒழுங்காகக் கோத்துக்கொள்ளாது. நமக்கு ஒன்றுமே இல்லாத ஒரு தொடுகை அவர்களுக்குச் சூடு வைத்ததுபோல் இருக்கும். ஊஞ்சல், உருளுதல், தேய்ப்பு, அழுத்தம் என்று விளையாட்டாகவே பழக்கி அந்தச் சேதிகளை ஒழுங்குபடுத்தலாம் என்றார். சைக்ளோஸ்டைல் எடுத்த எட்டுப் பக்கம் கொடுத்தார். இன்றைக்குத் தேனியிலேயே இதற்குப் பலகை மாட்டிய அறைகள் இருக்கின்றன. வண்ண வண்ண ஊஞ்சல்களும் கனமான போர்வைகளும் வைத்திருக்கிறார்கள், பெற்றோர் போனில் படித்துவிட்டு வந்து குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். அன்று என்னிடம் இருந்தது அந்த எட்டுப் பக்கமும், எதிலும் மூக்கை நுழைத்துப் பார்க்கிற என் குணமும் மட்டும்தான்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தாள். ராசிங்காபுரத்துப் பக்கத்துக் குடியானவர் வீட்டு மருமகள். தினமும் காலையில் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய், சாயங்காலம் இறங்குகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு ஒரு சாக்கை மடித்துத் தலைவழியாகக் கொங்காணி போட்டிருந்தாள். வாசலில் சாக்கை எடுத்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. அடுத்த நிமிடம் அந்த அறை கிழிந்துவிடும்போல ஒரு கத்தல். போலியோ பிள்ளைகள் எல்லாம் கம்பிச் சட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். நான் பார்த்தது வேறு ஒன்றை. பிள்ளை பாவாடையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். தையல் உறுத்துகிறதாம், திருப்பிப் போட்டால்தான் உடுத்திக்கொள்கிறதாம், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். மழைக்கு எப்போதும் இப்படித்தான் கத்துமா என்றேன். "சாரலுக்குத்தேன் கத்துவா. பம்புசெட்டுல கொட்டுற தண்ணிக்குக் கீழ உக்கார வச்சா எந்திரிக்கவே மாட்டா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சொட்டுத் தண்ணீருக்கு அழுது, கொட்டும் தண்ணீருக்குச் சிரிக்கிற பிள்ளை! என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும், மணலில் நடக்குமா, சீப்பைப் பார்த்தால் என்ன செய்யும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இம்புட்டுக் கேள்வி யாரும் கேட்டதில்ல டீச்சரு. எல்லாரும் பதிலத்தேன் சொல்லுவாக" என்றாள்.

பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னாள். பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் முதல் மொட்டை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு முறை முயன்றிருக்கிறார்கள். முதல் முறை தலையில் தண்ணீர் தெளித்ததுமே கத்திக் கத்திப் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. இரண்டாம் முறை நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் திமிறியதில் கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டது. முடி எடுக்கிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். சாமியே இந்த முடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை பிள்ளையின் பெரியப்பாவுடையது. வருகிற மாசியிலும் முடி இறங்கவில்லை என்றால், மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்கிற ஒரு விடுதியில் விட்டுவிடுவது என்று அவர் சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, நேரில் போய்ப் பார்த்துப் பேசியும் வந்துவிட்டார். புருஷன் அண்ணன் பேச்சை மீறாதவன். "கொணமாக்கச் சொல்லல டீச்சரு. கத்தி படுறதத் தாங்குற அளவுக்குப் பழக்கி விடுங்க, போதும்" என்றாள். நாலு மாதம் இருந்தது. சரி என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு பிரஷ்ஷோடு தயாராக இருந்தேன். எட்டுப் பக்கத்தில் பிரஷ்ஷால் தேய்ப்பது பற்றி ஒரு பத்தி இருந்தது. பூவால் வருடுகிற மாதிரி பிள்ளையின் முன்னங்கையில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தேன். என் மணிக்கட்டில் பல் பதிந்தது. அப்படியும் நான் விடவில்லை. மூன்று ஞாயிறுகள் வருடினேன். ஒவ்வொரு ஞாயிறும் முன்னதைவிட மோசமாகப் போனது. மூன்றாவது வாரம் வாசலிலேயே பிள்ளை திரும்பிக்கொண்டு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, போகப் போகப் பழகிவிடும் என்றேன். அந்த அம்மா பிரஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோவிச்சுக்கிறாதீக. மூணு எடத்துல மந்திரிச்சோம். மூணு எடத்துலயும் உச்சந்தலையில இருந்து பாதம் வரைக்கும் வேப்பங்கொத்தால மெல்லத் தடவித்தேன் எறக்குனாக. பிள்ள கத்துச்சு. பேய்தேன் கத்துதுன்னாக, இன்னுங் கொஞ்சம் தடவுனாக. நீங்களும் வேப்பிலைதான அடிக்கிறீக டீச்சரு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடம் படித்தவளைப் பார்த்து மந்திரிக்கிறவரோடு சேர்த்துவிட்டாளே என்று அன்று மதியம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் எட்டுப் பக்கத்தையும் எடுத்து வைத்து, இந்த முறை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இல்லாமல், ஒரு சந்தேகக்காரியைப் போலப் படித்தேன். இருந்தது. பிரஷ் பற்றிய பத்திக்கு இரண்டு வரி மேலே, தெளிவாகவே இருந்தது. மெல்லிய தொடுகை உடம்பை உசுப்பும், அழுத்தமான தொடுகை அமைதிப்படுத்தும். தேய்த்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிரஷ் என்ற சொல்லைக் கண்டதும் அதைக் கோடு போட்டு மனப்பாடம் செய்துவிட்டு, எப்படி என்பதை விட்டுவிட்டிருந்தேன். மூன்று வாரமாக அந்தப் பிள்ளையின் தோலில் நான் எறும்பு விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட, பாவமாக இருந்தது. மறு ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டதைச் சொல்லிவிட்டு, இந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்கிற இடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஜீப்புல. தெனமும் என்கூடத்தேன் தோட்டத்துக்கு வர்றா" என்றாள்.

நம்ப முடியவில்லை. தோட்டத்துக்குப் பெண்கள் போகிற ஜீப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபது பேர் இருப்பார்கள். மடிமேல் மடி, அதன்மேல் தூக்குவாளி. ஒரு விரல் பட்டால் அலறுகிற பிள்ளை அதற்குள் எப்படி இருக்கும்? பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, விடிந்தும் விடியாமலும் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே முதலில் ஒன்று கண்ணில் பட்டது. வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணும் பிள்ளையிடம் வந்தாள். ஒருத்தி கன்னத்தை விரல் நுனியால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி நாடியை வருடி "ஏ ஆத்தா" என்றாள். ஒருத்தி முகத்தைச் சுற்றித் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தாள். எல்லாம் பாசம். சாமியால் கைவிடப்பட்ட பிள்ளை என்று ஊர் சொல்லச் சொல்ல, இவர்கள் ஒரு பங்கு கூடுதலாகவே பாசம் வைத்திருந்தார்கள். பிள்ளை ஒவ்வொரு தொடலுக்கும் சுருண்டு சுருண்டு கத்தியது. அது கத்துவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இரக்கப்பட்டுத் தடவ வந்தார்கள்.

பிறகு வண்டிக்குள் ஏறினார்கள். பிள்ளை தானாகவே நடுவில் புகுந்தது. தாயின் முழங்காலுக்கும் எதிர் ஆளின் முழங்காலுக்கும் இடையில் உடம்பைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பருமனான ஒரு பெண்ணின் விலாவில் தலையை முட்டுக் கொடுத்தது. கடைசி ஆள் ஏறிக் கதவை இழுத்து அறைந்ததும் எல்லாரும் ஒரு அங்குலம் உள்ளே நெருங்கினார்கள். பிள்ளையின் தோள் இறங்கியது. மூச்சு நீண்டது. அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சாய்ந்து பிள்ளையை நெரித்தது, அடுத்த வளைவில் மறு பக்கம். நான் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை சிரித்தது. ஐந்தாவது வளைவுக்குப் பிறகு, அதுவரை கத்தல் மட்டுமே நான் கேட்டிருந்த பிள்ளை பேசியும் கேட்டேன். வெளியே ஆடுகள் வழியை மறித்ததைப் பார்த்து, "ஆடு போயிருச்சா?" என்று தெளிவாகக் கேட்டது. எட்டுப் பக்கத்தில் இருந்த ஊஞ்சலும் அழுத்தமும் உருளலும் ஒரே டப்பாவுக்குள் அடைத்துத் தினமும் இரண்டு வேளை மலையேறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு அது இரண்டு வருடமாகத் தெரியும். ஏன் என்று மட்டும்தான் தெரியாது.

அந்த ஏனை அங்கேயே, வண்டிக்குள்ளேயே சொன்னேன். விரல் நுனியால் தொட்டால் இந்தப் பிள்ளைக்குச் இலைச் சுணை பட்டு அரிக்கிற மாதிரி இருக்கும், இறுக்கிப் பிடித்தால் இதமாக இருக்கும் என்றேன்.  ஏறுவதற்கு முன் நெட்டி முறித்த பெண், "அப்ப நாங்க ஆசையாத் தொட்டதுதேன் பிள்ளைக்கு வெனையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது. பேச்சை மாற்றியது டிரைவர்தான். "ஓவர்லோடு ஓவர்லோடுன்னு போலீசு என்னய எத்தன தடவ நிறுத்தியிருப்பாக! இது வைத்தியம்னு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் இறங்கும்போது யாரும் கன்னத்தைத் தொடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளையின் இரண்டு தோளையும் உள்ளங்கையால் நன்றாக அமுக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளை வரிசை முடிகிற வரைக்கும் நின்றது.

அடுத்த மாதங்களில் அந்த அம்மாவும் நானும் செய்ததை விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கம்பளியில் பிள்ளையைப் பாய் மாதிரி சுருட்டி உருட்டினோம். சேலையில் தூளி கட்டி வேகமாக ஆட்டினோம். தோட்டத்தில் பச்சைக்காய் நிரம்பிய சின்னப் பையை முதுகில் கட்டி, களத்துக்கும் கொட்டகைக்கும் நடக்கவிட்டாள். குளிக்கும் முன் எண்ணெய் தேய்த்துப் பிழிகிற மாதிரி கையையும் காலையும் அமுக்கினாள். நான் குறித்துக்கொண்டேன், எந்த அமுக்கலுக்குப் பிறகு சோறு பிசைந்தது, எந்த ஆட்டத்துக்குப் பிறகு ஈர மண்ணில் கால் வைத்தது என்று. தை பிறந்தபோது பிள்ளை பாவாடையை நேராக உடுத்தியது. ஆனால் தலை மட்டும் வசத்துக்கு வரவில்லை. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் இருபது எண்ணும்வரை பொறுத்துக்கொள்ளும். சீப்பு பட்டால் போச்சு. சவரக் கத்தியை அழுத்தி இழுக்க முடியாது, மெல்லத்தான் இழுக்க வேண்டும். இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது. என் எட்டுப் பக்கத்தில் மொட்டையடிப்பது எப்படி என்று யாரும் எழுதியிருக்கவில்லை. ஒரு ஞாயிறு, தோற்றுவிடுவோம் என்று அவளிடம் சொல்லியே விட்டேன். அவள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே, "தலைய மெல்லத் தொட்டா என்ன டீச்சரு, ஒடம்பு பூராவும் ஜீப்புல இருந்தா?" என்றாள்.

மாசிப் படையல் முடிந்த மறுநாள் காலை. மலையடிவாரத்தில் புளியமரத்துக்குக் கீழே, கூரை இல்லாத கோயில். பெரியப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இரவெல்லாம் விழித்த கண்ணோடு, இன்றோடு இது எப்படியாவது முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிற மனிதராகத்தான் தெரிந்தார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு கோயில் எல்லைக்குள் வந்தது. உள்ளே அதே பெண்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நடுவில் பிள்ளையின் தாய்மாமன். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். அவர் மடியில், அவருடைய இரண்டு கைக்குள் பிள்ளை இருந்தது. முடி எடுக்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி சன்னதில பலகை போட்டு எடுக்கணும். வண்டிக்குள்ள எடுத்தா அது நேர்த்திக்கடனா?" என்றார். பூசாரி பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா, "சாமி மண்ணுலதான வண்டி நிக்கிது. எடுங்க" என்றார்.

தாய் தண்ணீரைத் தெளிக்காமல் உள்ளங்கையால் அமுக்கித் தலையை நனைத்தாள். முதல் இழுப்புக்குப் பிள்ளையின் உடம்பு விறைத்தது. மாமன் இறுக்கினார், பெண்கள் நெருங்கினார்கள். இரண்டாவது, மூன்றாவது இழுப்பு. முன்தலை வெளுத்தது. காதுக்குப் பின்னால் கத்தி போனபோது அந்தப் பழைய கத்தல் வந்தது. முடி எடுக்கிறவர் கையைத் தூக்கிவிட்டார். பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி. இதைவிடக் கெட்ட சகுனம் வேறு இல்லை. பெரியப்பா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது. டிரைவர் யாரையும் கேட்கவில்லை. மேடும் பள்ளமுமான அந்த இடத்தில் வண்டியைக் கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். குலுங்கிக் குலுங்கி வந்து நின்றபோது பிள்ளை மாமன் மார்பில் முகத்தைப் புதைத்து அமைதியாக இருந்தது. கத்தி நாலு இழுப்பு இழுத்தது. மறுபடி விறைத்தது, மறுபடி ஒரு சுற்று. மூன்று சுற்றில் முடி முழுவதும் இறங்கியது. "மூணு சுத்துச் சாமியச் சுத்திட்டுல்ல எடுத்துருக்கு. இனி எவன் கொற சொல்லுவான்?" என்றார் பூசாரி.

மாமன் பிள்ளையை வண்டியின் பின்படியில் நிறுத்தினார். மொட்டைத் தலைக்குச் சந்தனம் வைக்கவேண்டும், மூத்தவர் முதலில். பெரியப்பா கிண்ணத்தோடு வந்து, எல்லாரும் செய்கிற மாதிரி இரண்டு விரல் நுனியில் சந்தனம் எடுத்தார். அவர் முன்னால் நின்று இதுவரை நிமிர்ந்துகூடப் பேசாத அந்த அம்மா, அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.  "பெரிய மச்சான், விரலால தடவாதீக. உள்ளங்கைய வச்சு நல்லா அமுக்குங்க" என்றாள். அவர் கிண்ணத்துச் சந்தனம் முழுவதையும் கையில் கொட்டிக்கொண்டு, அகலமான உள்ளங்கையைப் பிள்ளையின் உச்சியில் வைத்து அழுத்தினார். பிள்ளை கண்ணை மூடி அந்தக் கைக்குள் தலையைச் சாய்த்தது. ஐந்து வருடத்தில் அவர் அதைத் தொட்டு அது அழாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுக்கப் பார்த்தார். பிள்ளை தன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டது.

காது குத்துகிற ஆசாரி பெட்டியைத் திறந்துகொண்டு, "அடுத்துக் காதுங்களா?" என்றார்.  பெரியப்பா கையை எடுக்காமலே சொன்னார்.

"காத இப்பத் தொட வேணாம். பெரியவளாகட்டும், அவகிட்டயே கேட்டுக் குத்துவோம்."

அந்த அம்மா ஜீப்பின் டயரில் சாய்ந்து, மண்ணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பெண்கள் வண்டியிலிருந்து இறங்கி அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு பக்கமும் நெருங்கி உட்கார்ந்து, அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.